மகளின் இருமலும் வொஷிங்டனின் கோலும்

வாசகர் கடிதம்

மொன்றியலில் வசிக்கும் நாற்பத்தொரு வயதுத் தகப்பன் நான். 1992இல், எட்டு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் இங்கே வந்தேன். அடுத்த ஆண்டே மொன்றியல் கனேடியன்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணி, வட அமெரிக்க லீக்கின் சம்பியனுக்கு உரிய ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாமல் வகுப்பறையில் இருந்த எனக்கு, அந்த அணியின் வீரர்களுடைய பெயர்களைச் சொல்லித்தான் முதல் நண்பர்கள் கிடைத்தார்கள். அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. இந்த ஆண்டு, 2025இல், பருவத்தின் கடைசி ஆட்டத்தில்தான் கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுகளுக்குள் நுழைந்தோம். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கே தொடர்; முதற்சுற்றில் வொஷிங்டனிடம் இப்போது 1–3 என்று பின்தங்கி நிற்கிறோம். ஆனாலும் வெல்வோம் என்று முழுமையாக நம்புகிறேன். 2010இல் இதே வொஷிங்டனை இதே நிலையிலிருந்து வென்றோம். 2021இல் ரொறன்ரோவையும் அப்படியே வென்றோம். ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் அந்த நகரத்தின் அணியான மேப்பிள் லீஃப்ஸின் ரசிகர். என்னுடையது நம்பிக்கை இல்லை, மூடநம்பிக்கை என்று அவர் சிரிக்கிறார்.

மனைவி சிரிக்கவில்லை, கோபப்படுகிறார். ஆட்டம் நடக்கும் இரவுகளில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். நான் செற்றியின் இடது மூலையில், 2021இல் அணிந்த அதே சட்டையுடன் இருப்பேன். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த மாமனார் சாய்கதிரையில் இருப்பார். ஒன்பது வயது மகளின் இடம் எனக்கு முன்னால், நிலத்தில். நான்காவது ஆட்டத்தில் 2–1 என்று நாங்கள் முன்னணியில் இருந்தபோது, மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போய் இருமிக்கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து வொஷிங்டன் கோல் அடித்தது. இடத்தை விட்டு எழும்பாதே என்று எத்தனை தரம் சொன்னேன் என்று கத்திவிட்டேன். 5–2 என்று தோற்றோம். படுக்கும்போது அவள் தாயிடம், “நான் இருமினபடியாலோ அம்மா அப்பாவின்ர டீம் தோத்தது?” என்று கேட்டிருக்கிறாள். அடுத்த ஆட்டத்தன்று தான் அறைக்குள்ளேயே இருப்பதாகவும் சொல்லியிருக்கிறாள். மனைவிக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. மாகாண அரசின் லொத்தர் நிறுவனமான லோட்டோ-கியூபெக்கின் பந்தயத் தளத்தில், தொடரை நாங்கள் வெல்வோம் என்று பணம் கட்டினேன். முதல் இரண்டு ஆட்டங்களும் போன பிறகு அதை இரட்டிப்பாக்கினேன். முருகன் கோவிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தியும் வைத்திருக்கிறேன். நான் இப்படி நம்புவது அறிவீனமா? இதை விட்டுவிட வேண்டுமா?

உளவியல் ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எழுதியது நான்காவது ஆட்டம் முடிந்த இரவில். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருமுன் தொடர் முடிந்துவிட்டது. 2025 ஏப்ரல் 30ஆம் திகதி வொஷிங்டனில் 4–1 என்று தோற்று உங்கள் அணி வெளியேறியது. முடிவு இப்படி வந்துவிட்டதால் நீங்கள் நம்பியது பிழை என்றோ, மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்தால் சரி என்றோ நான் எழுதப்போவதில்லை. முடிவை வைத்து நம்பிக்கைக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்திலிருந்துதான் உங்கள் வீட்டுக் குழப்பம் முளைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் நம்பியது அறிவீனம் அல்ல, நோயும் அல்ல. அதை விடவும் வேண்டாம். ஆனால் அந்த நம்பிக்கையிடம் அதற்கு உரியதல்லாத இரண்டு வேலைகளை ஒப்படைத்திருக்கிறீர்கள். ஒன்று, பக் என்ற ரப்பர் வட்டு வலைக்குள் போவதையும் போகாததையும் உங்கள் வீட்டு வரவேற்பறையிலிருந்து தீர்மானிப்பது. மற்றது, எவ்வளவு பணம் கட்டலாம் என்று கணக்குப் பார்ப்பது. இந்த இரண்டிலிருந்தும் அதை விடுவித்துவிட்டால், மிஞ்சுவதை நீங்கள் ஆயுள் முழுவதும் வைத்திருக்கலாம். அதில் குறுக்கிட எனக்கோ உங்கள் மைத்துனருக்கோ உரிமையில்லை.

1–3 என்ற நிலையில் நம்பிக்கைக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைப் பார்ப்போம். வொஷிங்டன் இந்தப் பருவத்தில் 111 புள்ளிகளுடன் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் நின்ற அணி. கனேடியன்ஸ் 91 புள்ளிகளுடன் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே வந்த அணி. ஓர் ஆட்டத்தை உங்கள் அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறரைக்குச் சற்றுக் குறைவு. சற்றுத் தாராளமாக நாற்பத்தைந்து என்று வைத்தாலும் அது ஒன்பதுதான். இந்த லீக்கின் நீண்ட வரலாற்றிலும், 1–3 என்று பின்தங்கிய அணிகள் தொடரை வென்றது பத்துக்கு ஒரு முறையை விடச் சற்றுக் குறைவாகவே. ஆகவே மைத்துனர் சிரித்ததற்கும் காரணம் இருந்தது, நீங்கள் தொலைக்காட்சியை அணைக்காமல் இருந்ததற்கும் காரணம் இருந்தது. பத்துக்கு ஒன்று என்பது சிறிய எண். ஆனால் பூச்சியம் அல்ல.

ஐஸ் ஹொக்கியில் அந்தச் சிறிய எண்ணுக்கு மற்ற ஆட்டங்களை விட உயிர் அதிகம். கூடைப்பந்தில் ஓர் இரவில் ஒவ்வொரு அணியும் நூறு புள்ளிகளைத் தொடுகிறது; அத்தனை முயற்சிகளுக்குள் தற்செயல் கரைந்து, வலிய அணியே பெரும்பாலும் மேலே வருகிறது. ஹொக்கியில் ஓர் அணி ஏறத்தாழ முப்பது தடவை கோலை நோக்கி அடித்து மூன்று கோல்களைப் பெறுகிறது. ஒருவருடைய சறுக்குக் காலணியில் பட்டுத் திரும்பிய ஒரு பக், நடுவர் கவனிக்காத ஒரு தடுக்கல், ஓர் இரவு முழுவதும் எதையும் உள்ளே விடாத ஒரு கோல் காப்பாளர், இவற்றில் ஏதாவது ஒன்றே ஓர் ஆட்டத்தைப் புரட்டிப் போடப் போதும். நீங்கள் நினைவூட்டிய 2010ஆம் ஆண்டுத் தொடரில், 121 புள்ளிகள் பெற்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த வொஷிங்டன், ஆறாவது ஆட்டத்தில் 54 தடவை கோலை நோக்கி அடித்தது. கனேடியன்ஸின் கோல் காப்பாளர் யாரொஸ்லாவ் ஹலாக் 53ஐத் தடுத்தார். 2019இல் 62 ஆட்டங்களை வென்றிருந்த டம்பா பே அணி, முதற்சுற்றில் கொலம்பஸ் அணியிடம் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியாமல் வெளியேறியது. 2023இல் 135 புள்ளிகளுடன் லீக் வரலாற்றிலேயே சிறந்த பருவத்தை முடித்த பொஸ்டன், புளோரிடாவுக்கு எதிராக 3–1 என்று முன்னணியில் இருந்து, ஏழாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் விழுந்தது. 2012இல் மேற்குப் பிரிவின் எட்டாவது இடத்திலிருந்து வந்த லொஸ் ஏஞ்சலிஸ் அணி கிண்ணத்தையே கொண்டு போனது.

ஆனால் இந்தப் பட்டியலை எழுதும்போதே ஒன்றை உணர்கிறேன். இவை நினைவில் தங்கியிருப்பதற்குக் காரணம் இவை அரிதானவை என்பதே. உங்கள் அணியின் கதையிலேயே நினைவு எப்படிப் பொறுக்கி எடுக்கிறது என்று பாருங்கள். 2010ஐயும் 2021ஐயும் எழுதினீர்கள். 2013, 2015, 2017 ஆகிய மூன்று பருவங்களிலும் கனேடியன்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்றே பிளேஓஃப்புக்குப் போனது. அந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 2013இல் ஒட்டாவாவிடம் ஐந்து ஆட்டங்களில் முடிந்தது. 2015இல் 110 புள்ளிகள், லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்ற கேரி பிரைஸ் கோலில். இரண்டாம் சுற்றோடு டம்பா பே அனுப்பிவிட்டது. 2017இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் முதற்சுற்றிலேயே முடித்துவைத்தது. அந்த இரவுகளிலும் நீங்கள் அந்த மூலையில்தான் இருந்திருப்பீர்கள், அவ்வளவே நம்பியுமிருப்பீர்கள். நம்பிக்கைக்கு ஆட்டத்தின் மேல் அதிகாரம் உண்டென்றால், அணி வலிமையாக இருந்த அந்த ஆண்டுகளில் அது இன்னும் எளிதாக வேலை செய்திருக்க வேண்டும் அல்லவா?

2021ஐப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும்; அந்தச் சட்டையை நீங்கள் இன்னும் கழற்றவில்லை என்பதால். கோவிட் காரணமாக 56 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்ட பருவம் அது. கனடிய அணிகள் ஏழும் ஒரே பிரிவில் ஆடின. அதில் நான்காவதாக வந்த கனேடியன்ஸ் 59 புள்ளிகள் பெற்றிருந்தது. பிளேஓஃப்புக்கு வந்த பதினாறு அணிகளிலும் அதுவே மிகக் குறைவு. முதலாவதாக வந்த ரொறன்ரோவுக்கு 77. 1–3 என்ற நிலையில் ஐந்தாவது ஆட்டத்தை நிக் சுசுக்கியும் ஆறாவது ஆட்டத்தை யெஸ்பெரி கொட்கனியமியும் மேலதிக நேரத்தில் முடித்துவைத்தார்கள். அந்த ஆறாவது ஆட்டத்துக்கு, கனேடியன்ஸின் அரங்கான பெல் சென்டரில் 2,500 பேர் அனுமதிக்கப்பட்டார்கள். மாதக்கணக்கில் வெறும் கதிரைகளுக்கு முன்னால் நடந்த ஆட்டங்களைப் பார்த்திருந்த நகரம் அன்று அந்த 2,500 பேரின் குரலை எப்படிக் கேட்டிருக்கும் என்பது, அங்கே இருந்த உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு வினிப்பெக்கை நான்கே ஆட்டங்களில் வென்று, வேகஸை ஆறாவது ஆட்டத்தில், அதுவும் ஜூன் 24ஆம் திகதி, கியூபெக்கின் தேசியப் பெருநாளான சென்-ஜோன் அன்று, மேலதிக நேரத்தில் வீழ்த்தி இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். அங்கே டம்பா பேயிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்றார்கள். ஊரடங்கும் அச்சமும் நிறைந்த அந்த ஆண்டில் ஆறு வாரங்களுக்கு மேலாக உங்களுக்கு அந்த அணி கொடுத்தது உண்மையானது. அதை மைத்துனர் உட்பட யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அதைக் கொடுத்தது சட்டை அல்ல. அடுத்த பருவத்தில் அதே சட்டை உங்கள் அலுமாரியில் இருக்க, பிரைஸ் காயத்தால் ஐந்து ஆட்டங்களே ஆட, தலைவர் ஷே வெபர் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போக, கனேடியன்ஸ் 55 புள்ளிகளுடன் லீக்கின் கடைசி இடத்துக்கு வந்தது.

வலிமை குறைந்த அணியின் மேல் மனம் சாய்வதற்கு உளவியலில் நல்ல விளக்கங்கள் உண்டு. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே கூடைப்பந்து ஆட்டத்தின் ஒரே காட்சியைப் பலருக்குக் காட்டினார்கள். இரண்டு அணிகளில் எது தோற்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். தோற்கும் என்று சொல்லப்பட்ட அணி எதுவாக இருந்தாலும், அதுவே கூடுதலாக உழைத்தது என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உங்கள் இளம் அணி வொஷிங்டனை விட உயிரைக் கொடுத்து ஆடியது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அதில் ஒரு பங்கு நீங்கள் நின்று பார்த்த இடத்தால் வந்தது. ஆனால் உங்கள் விடயத்தில் இந்த விளக்கம் பாதிதான். ஒரு புதிய நாட்டில், எட்டு வயதில், பேச மொழியில்லாமல் இருந்த சிறுவனை வகுப்பறைக்குள் ஏற்றுக்கொள்ளவைத்த அணி இது. அந்த 1993ஆம் ஆண்டுக்குப் பிறகு கனேடியன்ஸ் மட்டுமல்ல, எந்தக் கனடிய அணியுமே கிண்ணத்தை வெல்லவில்லை. நீங்கள் வந்திறங்கியபோது ஊர் கொண்டாடிய ஒன்றுக்காக முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறீர்கள். வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று பார்த்து அப்படிக் காத்திருப்பவர் எவருமில்லை.

இனி இருக்கைகளுக்கு வருகிறேன். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், பசித்த புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் உணவு வரும்படி ஓர் ஏற்பாடு செய்தார். சிறிது காலத்தில் எட்டுப் புறாக்களில் ஆறு விசித்திரமான பழக்கங்களைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது, ஒன்று தலையைக் கூண்டின் மூலைக்கு நீட்டியது, இன்னொன்று ஊசலாடியது. உணவு வந்த கணத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே ஒவ்வொரு புறாவும் திரும்பத் திரும்பச் செய்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் எப்போதோ சொல்லிவைத்தார்கள்; ஸ்கின்னர் அதைக் கூண்டுக்குள் காட்டினார், அவ்வளவுதான். உங்கள் செற்றியின் இடது மூலையும் அப்படி வந்ததே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீரர்களிடமே இந்தப் பழக்கம் உண்டு. பிளேஓஃப் முடியும்வரை தாடி மழிக்காமல் இருப்பது இந்த விளையாட்டின் நெடுநாள் வழக்கம். இவற்றுக்கு ஒரு பயனும் இருக்கிறது: கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத இடத்தில், நானும் ஏதோ செய்கிறேன் என்ற ஆறுதலை அவை தருகின்றன. உங்கள் மூலையையும் சட்டையையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்களை மட்டும் கட்டுப்படுத்தும்வரை அவற்றால் கேடில்லை.

மகளின் இடம் அப்படிப்பட்டதல்ல. உங்கள் சடங்கு தோற்றால் நீங்கள் மனதுக்குள் சிரித்துக்கொள்ளலாம், அடுத்த முறை வேறு காலுறை போடலாம். அவளால் அது முடியாது. ஒன்பது வயதுக் குழந்தைக்குக் காரண காரியம் நன்றாகவே விளங்கும். இருமலுக்கும் வொஷிங்டனில் இருந்து வந்த வீரர் ஒருவரின் மட்டைக்கும் தொடர்பில்லை என்று வேறு எவர் சொன்னாலும் அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் தொடர்பு உண்டு என்று சொன்னவர் அவளுடைய அப்பா. உலகம் எப்படி இயங்குகிறது என்பதை அவள் இதுவரை உங்களிடம் கேட்டே அறிந்திருக்கிறாள். வீட்டில் பெரியவர்கள் வருந்தும்போது அதற்குத் தானே காரணம் என்று எடுத்துக்கொள்வது குழந்தைகளின் இயல்பு. பெற்றோர் சண்டையிடும் வீடுகளிலும், நோய் புகுந்த வீடுகளிலும் வளரும் பிள்ளைகளிடம் என் தொழிலில் அடிக்கடி காண்பது இதுதான். உங்கள் வீட்டில் அந்த எண்ணம் தானாக வரவில்லை. நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்கள். அறைக்குள்ளேயே இருக்கிறேன் என்று அவள் சொன்னதைக் கீழ்ப்படிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவின் மகிழ்ச்சிக்குத் தான் இடைஞ்சல் என்று அவள் முடிவு செய்திருக்கிறாள்.

ஆகவே அவளுடன் பேசுங்கள். இந்த வாரமே பேசுங்கள். தாயார் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். விளையாட்டாகத் தலையைத் தடவி, அதெல்லாம் சும்மா என்று கடந்து போகவும் வேண்டாம். அவள் அதைச் சும்மாவாக எடுக்கவில்லை. “அண்டைக்கு அப்பா உன்னில கத்தினது பிழை. நீ இருமினதுக்கும் அவங்கள் கோல் அடிச்சதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்பாவுக்குப் பதட்டம், அதை உன்ர தலையில போட்டிட்டன்” என்று நேராக, உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். அவள் மேலும் கேட்டால், அன்று உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். வொஷிங்டன் வலிய அணி. நம் பிள்ளைகள் இந்தப் பிளேஓஃப்பில் ஆடிய அணிகளிலேயே மிக இளையவர்கள். மூன்றாம் பகுதியில் களைத்தார்கள். இதைச் சொல்ல உங்களுக்கு ஆட்ட அறிவு வேண்டிய அளவு இருக்கிறது. இதுவரை அந்த அறிவை மகளுக்கு நீங்கள் கொடுக்கவில்லை, இடத்தை மட்டும் கொடுத்தீர்கள். ஐசிங் என்றால் என்ன, பவர் பிளேயில் ஏன் ஐந்து பேருக்கு எதிராக நால்வர் நிற்கிறார்கள், கனேடியன்ஸின் இளம் வீரர் லேன் ஹட்சன் தன் உடலை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் எப்படிப் போகிறார் என்பதையெல்லாம் ஒன்பது வயதில் கேட்டு விளங்கிக்கொண்ட பிள்ளை, தோல்விக்குத் தன் இருமலில் காரணம் தேட மாட்டாள்.

இந்த இடத்தில் சில பெற்றோர் ஒரு யோசனை சொல்வதுண்டு: அவள் எங்கே இருந்தபோது யார் கோல் அடித்தார்கள் என்று அவளையே ஒரு கொப்பியில் குறிக்க விட்டால், தொடர்பில்லை என்பதைத் தானே கண்டுகொள்வாளே என்று. நல்ல யோசனைதான், ஆனால் பிளேஓஃப்பில் வேண்டாம். ஐந்தோ ஏழோ ஆட்டங்களில் தற்செயல் எந்தக் கோலமும் போடும். அவள் எழுந்த மூன்று முறையும் எதிரணி கோல் அடித்துவிட்டால் நாம் அழிக்க நினைத்ததை நாமே உறுதிப்படுத்தியவர்கள் ஆவோம். ஒக்டோபரில் தொடங்கும் வழமையான பருவத்தின் 82 ஆட்டங்களையும் அவள் விரும்பினால் குறிக்கட்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொடர் தொடங்குமுன், ஆட்டத்துக்கு நாற்பது வீதம் என்ற அதே கணக்கின்படி, உங்கள் அணி தொடரை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தொன்பது. இரண்டு ஆட்டங்கள் போனபின் அது இன்னும் சுருங்கியது. நீங்களோ அப்போதுதான் தொகையை இரட்டிப்பாக்கினீர்கள். கணக்குப் பார்ப்பவர் அப்படிச் செய்ய மாட்டார். இழந்ததைத் துரத்துபவரே அப்படிச் செய்வார். 1975இல் எல்லன் லாங்கர் செய்த ஆய்வொன்றில், தங்கள் அதிர்ஷ்டச் சீட்டைத் தாங்களே தெரிவு செய்தவர்கள், வேறொருவர் எடுத்துக் கொடுத்த சீட்டைப் பெற்றவர்களை விட நான்கு மடங்குக்கும் அதிகமான விலை கொடுத்தால்தான் அதை விற்போம் என்றார்கள். சீட்டு ஒன்றுதான், வாய்ப்பும் ஒன்றுதான். உங்கள் அணி என்பதால் அதன் வாய்ப்பை நீங்களும் அப்படித்தான் கூட்டி மதித்தீர்கள். கனடாவில் தனி ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவது 2021 ஓகஸ்டில் சட்டபூர்வமான பிறகு, தொலைபேசியில் விரலை அசைப்பது போலப் பணம் போய்விடுகிறது. தொகை சிறிதோ பெரிதோ, மனைவியிடம் சொல்லிவிடுங்கள். தொகையை விட ஒளித்ததே பின்னர் அதிகம் கனக்கும். இன்னோர் அணியின் மேல் கட்டி இதை மீட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது எழுமானால், அதைத் தனியே சமாளிக்க முயல வேண்டாம். கியூபெக்கில் சூதாட்டம் தொடர்பான இலவச உதவித் தொலைபேசிச் சேவை உண்டு; பெயர் சொல்லாமலே பேசலாம்.

நேர்த்தி பற்றிக் கேட்டது என் துறைக்கு வெளியே உள்ளது என்றாலும், உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சமும் உறுத்தாத பகுதி அதுதான். ரசிகர்கள் அணியின் சட்டையையே புனிதத் துணி என்று பிரெஞ்சில் அழைக்கும் நகரம் உங்களுடையது. 2009இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் இறையியல் பிரிவு, இந்த அணியின் மேலுள்ள பற்றை ஒரு மதமாகக் கருதலாமா என்று ஆராயும் பாடத்தையே நடத்தியது. நூற்றெட்டுத் தேங்காயை அந்த நகரம் வினோதமாகப் பார்க்காது. நேர்த்தி உங்களுக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது. நடக்காவிட்டால் வீட்டில் யார் மேலும் பழி விழுவதில்லை. செற்றியை விட அது நேர்மையான ஏற்பாடு.

உங்கள் மாமனாரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். 2017இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வை மொன்றியலிலேயே, கனேடியன்ஸ் ரசிகர்களைக் கொண்டே செய்தார்கள். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்களின் இதயத் துடிப்பு சராசரியாக 75 வீதமும், அரங்கில் நேரே பார்த்தவர்களுடையது 110 வீதமும் உயர்ந்தது. கோல் விழக்கூடிய கணங்களிலும் மேலதிக நேரத்திலும் அது உச்சத்துக்குப் போனது. ஒருவர் எவ்வளவு தீவிரமான ரசிகர் என்பதற்கும் அந்த உயர்வுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே அவர் அமைதியாகச் சாய்ந்திருக்கிறாரே என்று எண்ணி விட்டுவிட முடியாது. அந்த ஆய்வில் பங்குபற்றியவர்கள் இதய நோய் இல்லாதவர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, ஆட்டம் பார்ப்பது பற்றி அவரே கேட்கட்டும். மேலதிக நேரம் வரை போகும் ஆட்டங்களின் இரவில் மாத்திரை எடுக்கும் நேரம் தவறாமல் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மைத்துனர். அவருடைய சிரிப்பை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவருடைய அணி 1967க்குப் பின் கிண்ணத்தைத் தொட்டதில்லை. 2013இல் பொஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், மூன்றாம் பகுதியில் 4–1 என்று முன்னணியில் இருந்து மேலதிக நேரத்தில் தோற்ற இரவை அவர் கடந்து வந்திருக்கிறார். 2021ஐப் பற்றி நீங்கள் அவரிடம் எத்தனை தடவை பேசியிருப்பீர்கள் என்பதை ஊகிக்க எனக்கு உளவியல் படிப்பு தேவையில்லை. மூடநம்பிக்கை என்று அவர் உங்களைச் சொல்வது, தன் வீட்டில் எந்தக் கதிரையில் தான் இருக்கிறார் என்பதை மறைப்பதற்காகவும் இருக்கலாம். லீஃப்ஸ் இப்போது ஒட்டாவாவை வென்று, நடப்புச் சம்பியன் புளோரிடாவை எதிர்கொள்ளப்போகிறது. கணிப்பவர்களில் பலர் புளோரிடாவின் பக்கம் நிற்கக்கூடும். முதலாவது ஆட்டத்துக்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே இருந்து பார்க்கப்போகிறார் என்று கேளுங்கள். பக்கத்தில் மகளையும் வைத்துக்கொண்டு கேளுங்கள்.